ஏழாவது பலகை

தாஸா
12 ஜனவரி 1974

பத்தூலுக்கு,

பதினொரு பலகைகளும் நேற்று பஸ் மேலேறிவிட்டன. கோணிச்சாக்கு சுற்றி, நடுவில் வைக்கோல் திணித்துக் கட்டியிருக்கிறேன். என்ன சாமான் என்று கண்டக்டர் கேட்டான். கதவு என்று சொல்லிவிட்டேன். படம் என்று சொல்லியிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லியிருப்பான், பார்த்துவிட்டு முகத்தையும் சுளித்திருப்பான். நீ ஆளை அனுப்பி எடுத்துக்கொள். நான் வர முடியாது. அடுப்பை ஒரு நாள் அணைத்தால் திரும்பச் சூடேற்ற இரண்டு நாள் ஆகும், மாவு கொண்டுவந்து ரொட்டி சுட்டுப்போகிற தெருவே என்னைத் திட்டும்.

கண்காட்சிச் சுவரில் ஒட்ட ஒரு தாள் வேண்டும், மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள் மச்சான் என்று கேட்டிருந்தாய். ஓவியப் பள்ளியில் பாடம் நடத்துகிற வாத்தியாரம்மாவுக்கு நான் பரீட்சை எழுத வேண்டியதாகிவிட்டது.

யாரிடம் கற்றேன் என்பது முதல் கேள்வி. ஒன்பது வருடம் முன்னால் அடுப்புக்கூடத்துக் கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தேன். பிரஷ்ஷில் ஒட்டியிருந்த மிச்சத்தை, விரிசல் விட்ட ஒரு மாவுப் பலகையில் தேய்த்துவிட்டுப் போனேன். மறுநாள் விறகு எடுக்கப் போனவன் அந்தப் பலகை முன்னால் நின்றுவிட்டேன். கதவைவிட அது நன்றாக இருந்தது. ஏன் என்று இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் படிப்பு அவ்வளவுதான்.

எதை வரைகிறேன் என்பது இரண்டாவது. எதையும் இல்லை. ரொட்டி வாங்க வருகிறவர்களில் ஒருத்தி மலை என்பாள், இன்னொருத்தி காய்ச்சல் வந்த ஒட்டகம் என்பாள். ஒரு மூலை ஒட்டகம் மாதிரி ஆகத் தொடங்கினால் நான் முதலில் அதைத்தான் கலைப்பேன். ஒட்டகம் வந்துவிட்டால் பார்க்கிறவன் ஒட்டகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். பழுப்புக்குப் பக்கத்தில் கருப்பு வந்தால் பழுப்பு என்ன ஆகிறது என்பதைப் பார்க்கவே மாட்டான். உன் அக்கா ரக்கிய்யாவுக்கு இதில் பெரிய மனக்குறை. "ஒரே ஒரு தடவை ஏதாச்சும் ஒண்ணு மாதிரி போட்டுத் தொலைங்களேன். கேக்கறவங்களுக்கு நான் என்னன்னு சொல்றது?" என்கிறாள். காஸபிளாங்காக்காரர்கள் எல்லோரும் நெருப்பு என்று சொல்லப்போகிறார்கள். அடுப்புக்காரன் போட்டது வேறு என்னவாக இருக்கும்? தாளில் கொட்டை எழுத்தில் போடு, நெருப்பு இல்லை என்று.

எப்படி வரைகிறேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ரொட்டியை அடுப்புக்குள் தள்ளுகிற நீளத் துடுப்பு பழையது ஒன்றின் நுனியில் பிரஷ்ஷைக் கட்டி, பலகையைச் சுவரில் சாய்த்து, இரண்டு ஆள் தூரத்தில் நின்றுதான் போடுகிறேன். இருபத்திரண்டு வருடம் எல்லாவற்றையும் அந்தத் தூரத்திலிருந்தே பார்த்த கண் இது. கிட்டே போனால் எனக்கு ஒன்றும் தெரியாது. பெயிண்ட் கடைச் சுண்ணப் பெயிண்டும், அடுப்புக் கரியும், செங்கல் பொடியும்தான் சாமான். கரியில் முட்டை மஞ்சள் கருவைக் கலந்தால் பிடித்துக்கொள்ளும். முட்டை காணாமல் போவதைப் பற்றி ரக்கிய்யாவிடம் நீ பேச்செடுக்க வேண்டாம்.

முடிந்தது என்று எப்படித் தெரியும் என்பது மூன்றாவது. எனக்கு நிச்சயமாகப் பதில் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான். வெந்த பிறகு ரொட்டியை எடுப்பவன் அடுப்புக்காரன் இல்லை. வேகக் கொஞ்சம் பாக்கி இருக்கும்போது எடுத்துத் துணி போட்டு மூடவேண்டும். பாக்கி வேக்காடு துணிக்கு அடியில் நடக்கும். உள்ளேயே முழுதாக வெந்தது சாயங்காலம் கல்லாகிவிடும். படத்திலும் பாக்கி இருக்கும்போதே கையை எடுக்கிறேன். பத்து நாள் மூடி வைத்துவிட்டுத் திறந்து பார்ப்பேன். அந்தப் பாக்கி தானாக நிறைந்திருந்தால் சரி. இல்லையென்றால் சுரண்டிவிட்டு மறுபடி. ஒரு பலகையை எட்டுத் தடவை சுரண்டியிருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது.

இனி தாளில் போட வேண்டாதது. ஏழாவது பலகை. இடது கீழ் மூலையில் ஒரு சாண் இடத்தை வெறும் மரமாகவே விட்டிருக்கிறேன். பத்து நாள் இல்லை, நாற்பது நாள் பார்த்தாயிற்று. நிறுத்திய இடம் சரியா தப்பா என்று தெரியவில்லை. இந்தத் தெருவில் யாரைக் கேட்பது? என்னைத் தெரியாதவர்கள் அதன் முன்னால் நின்றால் நிறுத்தும் இடம் என் கண்ணுக்குத் தெரிகிறது என்று எடுத்துக்கொள்வேன், தொடர்ந்து போடுவேன். கடந்து போனால் வரைவதையே விட்டுவிடுவேன். ஒலிவ ஜாடி வைக்க ரக்கிய்யா நான் வரைகிற விறகு அறையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், கொடுத்துவிடுவேன். ஒன்பது வருடம் ஏமாந்தது போதும். இதை அவளிடம் சொல்லவில்லை. நீ பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுது.

மஹ்ஜூப்


காஸபிளாங்கா
3 மார்ச் 1974

அன்புள்ள மச்சானுக்கு,

கண்காட்சி போன வாரம் திறந்தது. இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். பள்ளியில் தேர்வு, அத்தோடு எனக்கு ஜலதோஷம். இவை சாக்குகள்தான், ஆனால் உண்மையான சாக்குகள்.

பலகைகள் பத்திரமாக வந்தன. ஒன்றின் ஓரம் மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தது. உங்கள் தாளை அப்படியே ஒட்டினேன், நெருப்பு இல்லை என்ற வரியைப் பெரிய எழுத்தில். அதைப் படித்துச் சிரித்தவர்கள் திரும்பிப் போய்ப் படங்களை இரண்டாம் முறை பார்த்தார்கள். என்னோடு வேலை செய்கிற ஆசிரியர் ஒருவர், பாரிஸில் ஆறு வருடம் படித்தவர், மூன்றாவது பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, இந்தக் கருப்பை எந்தக் கடையில் வாங்குகிறார் என்று கேட்டார்.

ஏழாவதைப் பற்றித்தான் கேட்டிருந்தீர்கள். நின்றார்கள். எல்லோரும் அதன் முன்னால்தான் நின்றார்கள். இரண்டாம் நாளே அது விலை போய்விட்டது. ஸ்கல்லி என்று ஒரு பல் டாக்டர், கிளினிக்கில் மாட்ட வாங்கினார். பணத்தை மணியார்டரில் அனுப்பியிருக்கிறேன்.

ஆகவே தொடர்ந்து போடுங்கள். பதினொரு பலகைகளையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஏழாவதை வைத்து மட்டும் சொல்லவில்லை. அதை நீங்கள் தனியாக எடுத்துப் பெரிதாக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

நான் ஏதாவது வரைகிறேனா என்று போன பெருநாளில் கேட்டீர்கள். இல்லை. நான்கு வருடமாகிவிட்டது. மாணவர்களின் படங்களைத் திருத்துகிறேன். எங்கே என்ன குறை என்று உடனே தெரிகிறது. வெறும் கான்வாஸ் முன்னால் உட்கார்ந்தால் ஒன்றும் தெரிவதில்லை.

அக்காவுக்கு என் சலாம்.

பத்தூல்


தாஸா
15 மார்ச் 1974

பத்தூலுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை ரக்கிய்யா பிடுங்கிக்கொண்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விறகு அறையைக் கொடுக்கவிருந்ததையும் சேர்த்து. "நின்னாங்களாமா? சும்மா நின்னாங்களா, இல்ல வாசப்படியில கூட்டம் அடைச்சுக்கிட்டதால நின்னாங்களா?" என்று கேட்டாள். அப்புறம் அன்று மதியம் கோழி அடித்தாள்.

எனக்கு இதற்கு முன் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. கல்யாணத்தன்று கூடச் சட்டை இறுக்கமாக இருந்ததுதான் ஞாபகம். நான் நிறுத்திய இடம் சரி என்று தெரிந்ததும் நடையே மாறிவிட்டது.

ஒரு காரியம் செய்யப்போகிறேன். ஹம்முவை உனக்குத் தெரியும், பதினைந்து வருடமாக என்னோடு ஒலிவப் பிண்ணாக்கு தள்ளி அடுப்பெரிக்கிறவன். மீலாது முதல் காலை அடுப்பை அவனுக்கே விட்டுவிடுகிறேன். காலை வருமானமும் அவனுக்கு. மாலை அடுப்பு எனக்குப் போதும். காலை வெளிச்சத்தில் நான் இதுவரை ஒரு பலகையையும் பார்த்ததில்லை, அந்த நேரத்தில் எப்போதும் அடுப்புக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிப் பார்க்கலாம். மீலாதன்று இமாம் முன்னால் பாத்திஹா ஓதிக் கைகொடுத்துப் பேச்சை உறுதி செய்வதாக முடிவு.

அதற்குள் மூன்று பலகை போட்டுவிட்டேன். மூன்றிலும் ஏழாவதில் நிறுத்திய அதே அளவில் நிறுத்தினேன், ஒரு சாண் வெறும் மரம்.

பணத்துக்கு அவசரமில்லை, நீ அனுப்பியதே அதிகம். ஒன்று மட்டும் எழுது. ஏழாவது பலகைக்கு முன்னால் நின்றவர்கள் எங்கே பார்த்தார்கள்? மூலையையா? எவ்வளவு தூரத்தில் நின்றார்கள்? முடிந்தால் ஒரு போட்டோ.

மஹ்ஜூப்


காஸபிளாங்கா
9 ஏப்ரல் 1974

மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தை மீலாதுக்கு முன் எழுதியிருக்க வேண்டும். ஐந்து தடவை தொடங்கினேன். நீங்கள் பாத்திஹா ஓதி நான்கு நாளாகியிருக்கும். காலம் தாழ்த்தினால் சொல்ல வேண்டியிருக்காது என்று உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

ஏழாவது பலகையில் நான் கை வைத்தேன்.

திறப்புக்கு முந்தின நாள் மதியம். படம் மாட்டும் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கூடத்தில் நான் மட்டும். பத்துப் பலகைகளைப் பார்த்துவிட்டு ஏழாவதுக்கு வந்தேன். நன்றாக இருந்தது, ஆனால் இடது கீழ் மூலை வெளுத்துக் கிடந்தது. உங்கள் கடிதத்தில் நீங்களே அதைப் பற்றிச் சந்தேகமாக எழுதியிருந்தீர்கள். தெரிந்துதான் செய்தேன்.

எனக்கு எட்டு ஒன்பது வயதில் மாவுப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு உங்கள் அடுப்புக்கு வருவேனே. ரொட்டி வெளுத்து வந்த நாளில் அம்மா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் பச்சையா இருக்கு. மஹ்ஜூப்கிட்ட மறுபடி உள்ள போடச் சொல்லு" என்று திருப்பி அனுப்புவாள். நீங்கள் வாங்கி உள்ளே தள்ளுவீர்கள். கோபித்துக்கொண்டதே இல்லை. நம் தெருவில் யாருமே அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்த மதியம் கூடத்தில் எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. இது வெளுத்திருக்கிறது, மறுபடி உள்ளே போட வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது. அலுவலக அறையில் என் பெயிண்ட் பெட்டி இருந்தது. பழுப்பில் கொஞ்சம் கருப்பைக் கலந்து, மூலையில் கீழிருந்து மேலாக ஒரு கோடு இழுத்தேன். மூன்று விரல் அகலம், ஒரு சாண் நீளம். அரை நிமிட வேலை. தள்ளி நின்று பார்த்தேன், நிறைந்துவிட்டது.

மறுநாள் எல்லோரும் அதன் முன்னால் நின்றார்கள். நீங்கள் நிறுத்தியதற்காக நின்றார்களா, நான் போட்டதற்காக நின்றார்களா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பதில்தான். அதை நான் கெடுத்துவிட்டேன்.

என்ன வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

பத்தூல்


தாஸா
2 ஜூன் 1974

பத்தூலுக்கு,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ரக்கிய்யா தினமும் கேட்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

திருப்பி அனுப்பிய ரொட்டிக்கு நான் கோபித்துக்கொண்டதில்லை என்கிறாய். அது உண்மை. உன் அம்மா அதை என்னிடம் திருப்பி அனுப்பினாள். நான் பார்த்து, நான் உள்ளே போட்டேன். சில நாள் போடாமல், வெந்தாயிற்று, கொண்டு போ என்று உன்னைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறேன். அந்த நாட்கள் உனக்கு மறந்துவிட்டன. நீ பலகையை என்னிடம் அனுப்பவில்லை. துடுப்பை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாய்.

நிலவரம் சொல்கிறேன். மீலாதன்று பாத்திஹா ஓதியாயிற்று. நாற்பது பேர் ஆமீன் சொன்னார்கள். காலை அடுப்பைத் திரும்பக் கேட்டால் இந்தத் தெருவில் என்னால் ரொட்டி சுட முடியாது. ஹம்மு நல்லவன், தினமும் ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றி என் வீட்டுக்கு அனுப்புகிறான். என் அடுப்பில் வெந்த ரொட்டி எனக்கு விருந்தாளிக்கு வருகிற மாதிரி வருகிறது.

காலை முழுக்க விறகு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது. போட முடியவில்லை. கோடு இழுப்பதில் ஒன்றும் கஷ்டமில்லை. நிறுத்தத்தான் முடியவில்லை. கையை எடுக்கும்போது, இன்னொருத்தி வந்து இதற்கு மேல் ஒரு கோடு போட்டால் நன்றாகிவிடுமோ என்று தோன்றுகிறது. நானே போடுகிறேன். அதற்கு மேலும் ஒன்று. மார்ச்சில் போட்ட மூன்றையும் அப்படியே கெடுத்துவிட்டேன், மூன்றும் இப்போது அடுப்புச் சுவர் மாதிரி ஒரே கருப்பு. ரக்கிய்யா எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணாவது என்னன்னு தெரியுது. ராத்திரி" என்றாள். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்.

நீ பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆகியிருக்காது. மார்ச்சில் நீ எழுதிய கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஒரு வரி பொய் இல்லை. எல்லோரும் நின்றார்கள் என்கிறாய், நின்றிருக்கிறார்கள். பாடம் நடத்துகிறவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது.

இனி எழுதாதே.

மஹ்ஜூப்


காஸபிளாங்கா
19 ஜூன் 1974

மச்சானுக்கு,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்றுதான், அப்புறம் எழுத மாட்டேன்.

பலகையைத் திரும்ப வாங்க டாக்டர் ஸ்கல்லியிடம் போனேன். நடந்ததை முழுதும் சொன்னேன். கோட்டை மட்டும் சுரண்டிவிட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "இருக்கறபடிதான் எனக்குப் பிடிச்சுது. இருக்கறபடியே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டார். எது உங்கள் கை, எது என் கை என்று காட்டப் போனேன். பார்க்க மறுத்துவிட்டார். தெரிந்துவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் கண்ணில் படும் என்றார்.

கிளினிக் பெரிய தபால் நிலையத்துக்குப் பின்தெருவில், கீழே மருந்துக்கடை இருக்கிற கட்டடத்தின் இரண்டாவது மாடி. நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

பள்ளியில் என் வகுப்பில் இதைச் சொன்னேன். எதற்காக என்று தெரியவில்லை, தண்டனை மாதிரி இருக்கட்டும் என்று நினைத்திருப்பேன். மாணவர்கள் அடுத்த நாளிலிருந்து அவரவர் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு என்னிடம் காட்டுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இந்தக் கடிதமும் மார்ச் மாதக் கடிதம் போலாகிவிடும். அந்த மதியம் கோடு இழுத்தபோது நான்கு வருடத்தில் முதல் தடவையாக என் கை எனக்குக் கட்டுப்பட்டது. அந்த அரை நிமிடத்துக்காக வருத்தப்பட முயன்றேன், முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்காகவும் வருந்துகிறேன். உங்கள் காலைகளைக் கெடுத்துவிட்டேன்.

பத்தூல்


தாஸா
4 செப்டம்பர் 1974

பத்தூலுக்கு,

போன வாரம் காஸபிளாங்கா வந்திருந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. வந்த காரியம் வேறு.

ஹம்முவிடம் மாலை அடுப்பையும் இரண்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ரக்கிய்யாவிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். "தாஸாவுல பல்லு புடுங்க ஆளில்லயா, அவ்வளவு தூரம் போய்த்தான் புடுங்கணுமா?" என்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. அவித்த முட்டை நான்கு கட்டிக்கொடுத்தாள்.

கிளினிக்கில் நான் யார் என்று சொல்லவில்லை. சொன்னால் டாக்டர் வந்து பக்கத்தில் நின்றுகொள்வார், டீ வரும், பார்க்க முடியாது. வலி என்று சொல்லி எண் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர். எதிர்ச் சுவரில் அது மாட்டியிருந்தது. பெஞ்சுக்கும் சுவருக்கும் இரண்டு ஆள் தூரம்தான். எனக்கென்று அளந்து போட்ட மாதிரி.

முதலில் உன் கோட்டை மட்டும்தான் பார்த்தேன். மோசமாக இருக்க வேண்டும் என்று துஆ கேட்டபடியே பார்த்தேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். கையை நீட்டிக் கட்டைவிரலால் அதை மறைத்தேன். என் கண்ணுக்குப் பலகை இடப்பக்கம் சரிந்தது. விரலை எடுத்தேன், நேராக நின்றது. மறுபடி மறைத்தேன், மறுபடி சரிந்தது. பக்கத்தில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒரு ஆள், நான் சுவரைப் பார்த்து விரலை நீட்டி மடக்குவதைக் கவனித்துவிட்டு, "ரொம்ப வலிக்குதோ?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

ஒரு மணி நேரம் பார்த்தேன். என் எண்ணைக் கூப்பிட்டபோது இன்னும் பார்த்து முடியவில்லை. அப்போது எழுந்து, எனக்கு வலி இல்லை, அது நான் போட்ட பலகை என்று சொல்லியிருக்கலாம். நான் போட்டதுதானா என்று அந்த நேரத்தில் எனக்கே நிச்சயமில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். எது வலிக்கிறது என்று டாக்டர் கேட்டார். கொஞ்ச நாளாக ஆடிக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப் பல்லைக் காட்டினேன். பிடுங்கிவிட்டார்.

பஞ்சை அடைத்துக்கொண்டே நான் எந்த ஊர் என்று கேட்டார். சீட்டில் தாஸா என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும், "வெளிய மாட்டியிருக்கே, அது ஒங்க ஊர் அடுப்புக்காரர் போட்டது. நீங்க அவர் கையால ரொட்டி சாப்பிட்டிருப்பீங்க" என்றார். வாயில் பஞ்சு, நான் தலையை மட்டும் ஆட்டினேன். "எனக்கு அதுல ஒண்ணும் புரியாது. ஆனா ஒருத்தராவது பல்லுக்கு அழற சத்தம் கேக்காத நாள் இந்த எடத்துல கிடையாது. கதவைச் சாத்தறப்ப அதை ஒரு தடவை பாத்துட்டுத்தான் கீழ எறங்குவேன்" என்றார். மனுஷர் நல்லவர். கை கொஞ்சம் முரடு.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது. உன் கோடு நன்றாக இருக்கிறது. எனக்குப் பொறுக்காதது அதுதான். அது மோசமாக இருந்திருந்தால் அந்தப் பெஞ்சிலேயே உன்னை மன்னித்திருப்பேன், ஊருக்கு வந்து ரக்கிய்யாவிடம் உன்னைப் பற்றி இரண்டு கேலி பேசிவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன். அந்த நிறத்தை நான் கலந்திருக்க மாட்டேன். அந்த இடத்தில் கீழிருந்து மேலாக இழுக்க எனக்குத் தோன்றியிருக்கவே முடியாது. துடுப்பு பிடித்த கை வெளியே இருந்து உள்ளே தள்ளும், உள்ளே இருந்து வெளியே இழுக்கும், வேறு தெரியாது. நான் ஒரு கோடு முன்னாலேயே நிறுத்திவிட்டேன். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

ஜனவரியில் சொன்ன சொல்படி நான் விட்டுவிட வேண்டும். பஸ்ஸில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வரும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வர முயன்றேன். ஃபாஸ் நகரம் தாண்டுவதற்குள் வெட்கமே இல்லாமல் வேறு நினைப்பு வந்துவிட்டது. செங்கல் பொடியில் அந்தப் பழுப்பு வருமா, வராதா. வீட்டுக்கு வந்ததும் ரக்கிய்யாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, அறை உன்னுடையது, ஜாடியைக் கொண்டு வந்து வை என்றேன். "ஜாடி எங்க வேணாலும் நிக்கும். உங்களை நான் எங்க கொண்டு போய் வைக்கிறது?" என்று கேட்டுவிட்டுச் சூப் ஊற்றினாள்.

ஆகவே போடுகிறேன். மூன்று நாளில் ஒன்று முடிந்திருக்கிறது, அல்லது நின்றிருக்கிறது. முன்பு கையை எடுத்தால் எடுத்ததுதான், பயம் கிடையாது. இப்போது கையை எடுத்துவிட்டு ஒரு காலை முழுக்கப் பயந்துகொண்டு எதிரில் நிற்கிறேன். தொடுவதில்லை, ஆனால் பயமாக இருக்கிறது. இது முன்னேற்றமா, வயசா என்று தெரியவில்லை. நன்றாக வருகிறதா என்றும் தெரியவில்லை. தெரியாமலே போடலாம் என்பதை மட்டும் கண்டுபிடித்திருக்கிறேன், ஐம்பது வயதில்.

உன்னை மன்னித்தேன் என்று எழுதச் சொல்கிறாள் உன் அக்கா. அவள் பார்ப்பதற்காக எழுதிவிட்டேன். எனக்காக எழுத இன்னும் கொஞ்ச நாளாகும். ரமளானுக்கு வா. வந்தால் பேசிவிடுவோம், எழுத்தில் நீயும் சரியில்லை, நானும் சரியில்லை.

நான்கு வருடத்தில் நீ போட்டது ஒரே ஒரு கோடு, அதையும் என் பலகையில் போட்டாய். அது எனக்கு அவமானம், உனக்கு அதைவிட அவமானம். ஒரு பலகை எடு, உன்னுடையதாக. எதையாவது தொடங்கு. நடுவில் தடுமாறினால் அபிப்பிராயம் கேட்டு அதை எனக்கு அனுப்பிவைக்காதே. நிச்சயமாகக் கை வைத்துவிடுவேன்.

மஹ்ஜூப்